பட்டுச்சட்டையில் ஓடிய துபாய்

எனக்கு இடி என்றால் பயம். இந்த ஒரு வரியை எழுதுவதற்கு நான் நாற்பது வயதைத் தாண்ட வேண்டியிருந்தது.

பயம் என்றால், வானத்தைப் பார்த்து "என்ன இப்படி இடிக்குது" என்று எல்லோரும் சொல்கிற மரியாதையான பயம் இல்லை. மின்னல் வெட்டியதும் அடுத்து இடி வரப்போகிறது என்று தெரிந்துபோகிறதே, அந்தச் சின்ன இடைவெளியில் எனக்கு மூச்சு நின்றுவிடும். முழங்கால் இரண்டும் வேறு யாருக்கோ சொந்தம் போல நடந்துகொள்ளும். இதை வெளியே தெரியாமல் மறைப்பதில் நான் பெரிய நிபுணன். அலுவலகத்தில் என்றால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முக்கியமான மீட்டிங்கில் இருப்பது போல் தலையாட்டுவேன். வீட்டில் என்றால் பாத்ரூம். (மழைக்காலம் வந்தாலே எனக்கு வயிறு கெட்டுவிடுகிறது என்று நம்பி, என் அம்மா பல வருஷம் சீரகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். நானும் குடித்துக்கொண்டிருந்தேன்.)

பெண் பார்க்கப் போனபோது என்னை எல்லாம் கேட்டார்கள். என்ன வேலை, எவ்வளவு சம்பளம், குடிப்பழக்கம் உண்டா, கோபம் வருமா. இடிக்குப் பயப்படுவீர்களா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பேன். எனக்கு சுகன்யாவைப் பிடித்துவிட்டது.

நான் புதுக்கோட்டை டவுனில் வளர்ந்தவன். சுகன்யாவுக்கு அறந்தாங்கிப் பக்கத்தில் ஒரு ஊர். அவள் அப்பா, அதாவது என் மாமனார், துபாயில் கிரேன் ஓட்டினவர். பல வருஷம் அங்கேயே இருந்துவிட்டு, போதும் என்று ஒரேயடியாக வந்து இறங்கினார். வந்த அன்று ரோட்டோரம் கிடந்த ஒரு கறுப்பு நாய்க்குட்டியையும் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். தெருக்காரர்கள் கூடி நின்று துபாயிலிருந்து என்ன கொண்டுவந்தாய் என்று கேட்டபோது, பெட்டியைத் திறக்க மனமில்லாமல் நாய்க்குட்டியைக் காட்டி "இதத்தான்" என்றாராம். அதிலிருந்து அதன் பெயர் துபாய்.

நான் மாப்பிள்ளையாகப் போன சமயத்தில் துபாய் ஒரு கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்திருந்தது. நெஞ்சு பயில்வான் நெஞ்சு. பால்காரர் வாசலில் நின்று குரல் கொடுப்பாரே தவிர கேட்டைத் தொட மாட்டார். அப்படிப்பட்ட துபாய், தூரத்தில் எங்கேயோ வானம் லேசாக உறுமினால் போதும், வாலைப் பின்னங்காலுக்கு நடுவே சுருட்டிக்கொண்டு, எச்சில் ஒழுக, கட்டிலுக்கு அடியில் போய் நடுங்கிக்கொண்டு கிடக்கும். முந்தின வருஷக் கோடையில் ஒரு நாள், வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் இடி இடித்து, அது சுவர் ஏறிக் குதித்து மெயின் ரோட்டுக்கு ஓடிவிட்டது. ஒரு லாரி தட்டிவிட்டுப் போனது. உயிர் தப்பியது பெரிய விஷயம். பின்னங்கால் ஒன்று அதற்குப் பிறகு கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருந்தது. எத்தனையோ தடவை ஏர்போர்ட்டில் நின்றபோதெல்லாம் கண் கலங்காத மாமா, அன்றைக்கு ரோட்டில் உட்கார்ந்து அழுதார் என்று அத்தை என்னிடம் தனியாகச் சொன்னார்.

அறந்தாங்கியில் ஒரு கால்நடை டாக்டர் மாமாவுக்கு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். இடி வருகிற மாதிரி இருந்தால் நாயை உள்ளறைக்குக் கூட்டிப் போய்விட வேண்டும். ஜன்னலை மூடி, மின்னல் தெரியாமல் போர்வையைத் தொங்கவிட வேண்டும். டிவியைச் சத்தமாக வைக்க வேண்டும். நெஞ்சைச் சுற்றி இறுக்கமாக ஒரு துணியைப் போட்டுவிட்டால், யாரோ கட்டிப் பிடித்திருப்பது போல அதற்கு ஒரு தைரியம் வரும். இழுக்கக் கூடாது, அதட்டக் கூடாது. மாமா இதையெல்லாம் ஒன்று விடாமல் செய்வார். தன் பழைய பனியன் ஒன்றை அதற்கு மாட்டிவிட்டு, நெல் மூட்டை அடுக்கியிருக்கும் உள்ளறையில் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதுகில் கையை வைத்துக்கொண்டு, மழை விடுகிறவரை எழுந்திருக்க மாட்டார்.

விருந்துக்குப் போயிருந்தபோது இந்த முறைகளையெல்லாம் எனக்கு விளக்கிவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னார்.

"எல்லாத்தவிட முக்கியம், பக்கத்துல ஒக்கார்ற ஆளுக்குப் பயம் இருக்கக் கூடாது மாப்ள. இருந்தா மோந்தே கண்டுபிடிச்சுரும்."

நான் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

கல்யாணமாகி வந்த முதல் சித்திரையில் அந்தச் சம்பவம் நடந்தது. பேராவூரணியில் மாமாவின் தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் தாலி கட்ட முடியாது. ஆனால் கோடை மழைக் காலம், துபாயை யாரிடம் விடுவது என்று மாமா நான்கைந்து நாளாகச் சாப்பாடு இறங்காமல் இருந்தார். எனக்கோ அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. லேப்டாப்பை மாமனார் வீட்டில் வைத்துக்கொண்டு அங்கிருந்தே வேலை பார்ப்பதாக ஏற்பாடு. சாயங்காலம் மேனேஜரோடு ஒரு கால் வேறு. நான் செல்போனில் வானிலையைப் பார்த்தேன். சூரியன் படம் போட்டிருந்தது. மேகத்தின் துண்டு கூட இல்லை. அந்தச் சூரியனை நம்பித்தான் நான் வாயைத் திறந்தேன்.

"நான் பாத்துக்கிறேன் மாமா. நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க."

மாமா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இந்த வீட்டுக்கு ஒரு ஆண்பிள்ளை வந்துவிட்டான் என்பது போல அத்தை என்னைப் பார்த்தார். சுகன்யா மட்டும் என்னைத் தள்ளிக் கூட்டிப் போய், உங்களுக்கு நாய் பழக்கமே கிடையாதே என்று கேட்டாள். அதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்றேன். காலையில் மூவரும் கிளம்பிப் போனார்கள்.

மதியம் வரை வெயில் மண்டையைப் பிளந்தது. துபாய் வேப்பமரத்தடியில் நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்திருந்தது. நான் கைலியும் பனியனுமாக லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி வாக்கில் காற்று சட்டென்று நின்றது. மரத்தில் ஒரு இலை அசையவில்லை. படுத்திருந்த துபாய் எழுந்து நின்று தெற்கே பார்த்தது. நானும் போய்க் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே நின்று தெற்கே பார்த்தேன். அங்கே வானம் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. செல்போனில் இன்னமும் சூரியன்தான். நான் உள்ளே திரும்பி வந்தேன். கேட்டைச் சாத்தினேனா என்று கேட்டால், சாத்தவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

எனக்கு அப்போதே எங்காவது ஓடி ஒளிய வேண்டும் போல இருந்தது. இருந்தாலும் மாமா சொன்னதை எல்லாம் செய்தேன். துபாயை உள்ளறைக்குக் கூட்டிப் போனேன். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டேன். கூடத்து டிவியைச் சத்தமாக வைத்தேன். அடுத்தது பனியன். அதை அத்தை துவைத்துக் கொல்லையில் கொடியில் போட்டிருந்தார். எடுக்கப் போவதற்குள் முதல் மின்னல் கொல்லையை வெள்ளையாக்கிக் காட்டிவிட்டு மறைந்தது. அதற்கு மேல் கொல்லைக்குப் போக என் கால் சம்மதிக்கவில்லை. என் உடம்பில் இருந்த பனியனைக் கழற்றிப் போடலாம்தான். ஆனால் வெற்று உடம்போடு இடியை எதிர்கொள்வது இன்னும் ஆபத்து என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. (ஒரு பனியன் என்னைக் காப்பாற்றும் என்று நம்பியவன் இன்ஜினியரிங் படித்தவன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.)

கைக்கு எட்டியது, மறுநாள் விருந்துக்கு நான் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அத்தை இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருந்த சந்தன நிறப் பட்டுச்சட்டை. என் கல்யாணத்துக்கு அவர்கள் எடுத்துக் கொடுத்தது. அதை எடுத்து துபாயின் முன்னங்கால்களை இரண்டு கைகளிலும் விட்டு, முதுகுப் பக்கம் பொத்தானைப் போட்டேன். என் உடம்பில் தொளதொளவென்று இருந்த சட்டை அதற்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது.

பிறகு நெல் மூட்டையில் சாய்ந்துகொண்டு, மாமா மாதிரியே சம்மணம் போட்டு, அதன் முதுகில் கையை வைத்தேன். அது நடுங்கிக்கொண்டிருந்தது. என் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது. எந்த நடுக்கம் யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இடி ஆரம்பித்தது. முதலில் தூரத்தில், கல் லாரி ஒன்று பள்ளத்தில் இறங்குவது போல. அடுத்தது கொஞ்சம் பக்கத்தில். கரண்ட் போனது. டிவி நின்றது. வீடு திடீரென்று அத்தனை அமைதியாகிவிட்டது, ஓட்டில் விழுகிற ஒவ்வொரு துளியும் தனித்தனியாகக் கேட்டது. துபாய் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தது. இருட்டிலும் அதன் கண் எனக்குத் தெரிந்தது. மூக்கை என் கழுத்துப் பக்கம் கொண்டுவந்து ஒரு தடவை மோந்தது. அவ்வளவுதான், கண்டுபிடித்துவிட்டது. மாமா இல்லை, தன்னைக் காத்துக்கொண்டிருப்பது இன்னொரு நடுங்குகிற பிராணி என்று அதற்குப் புரிந்துபோனது. தொண்டைக்குள் மெல்ல ஒரு சத்தம் போட்டது. நாய் ஊளையிடுவது போலவும் இல்லை, அழுவது போலவும் இல்லை.

சரியாக அந்த நேரத்தில் மூட்டை மேல் இருந்த செல்போன் அடித்தது. மேனேஜர். எடுக்கலாமா என்று கையை நீட்டினேன்.

போர்வையைத் தாண்டி அறை முழுவதும் நீலமாக வெளிச்சம் வந்தது. இந்தத் தடவை இடைவெளியே இல்லை. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக விழுந்தன. கொல்லையில் என்னவோ பிளக்கிற சத்தம். தரை அதிர்ந்தது. மேலே ஓடுகள் கலகலத்தன. நான் கத்தினேன். அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருக்கிறது என்று அதுவரை எனக்கே தெரியாது. துபாய் இடியைவிட என் கத்தலுக்குத்தான் அதிகம் மிரண்டது என்று இன்றுவரை நம்புகிறேன்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் வீட்டில் பல விதமாகச் சொல்லியிருக்கிறேன். நாய் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடியது, நான் துரத்தினேன் என்று. உண்மை அப்படியில்லை. உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு முதலில் ஓடியவன் நான். துபாய் என் பின்னால் ஓடிவந்து, கூடத்தில் என்னை முந்தி, வாசலைத் தாண்டி, திறந்து கிடந்த கேட் வழியாக மழைக்குள் போய் மறைந்தது.

வாசற்படியில் நின்றேன். எனக்கு இருந்த பயத்துக்கு மேல் இன்னொரு பயம் வந்து ஏறிக்கொண்டது. ரோடு. லாரி. மாமா ரோட்டில் உட்கார்ந்து அழுதது. என் இரண்டு கைகளையும் அவர் பிடித்துக்கொண்டது.

அத்தையின் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். நாலு எட்டு வைப்பதற்குள் குடையின் நுனியில் இரும்புக் கம்பி இருப்பது ஞாபகம் வந்தது. குடையை வேலியில் எறிந்துவிட்டு ஓடினேன். இடிக்குப் பயப்படுகிறவன் என்பதால் இடி மின்னல் பாதுகாப்பு விதிகள் எனக்கு மனப்பாடம். வெட்டவெளியில் நிற்காதே, மரத்தடியில் நிற்காதே, கம்பி வேலியைத் தொடாதே, தண்ணீரில் கால் வைக்காதே. எங்கள் மாமனார் ஊரில் மெயின் ரோட்டுக்குப் போகிற பாதையில் வெட்டவெளி, புளியமரம், கம்பி வேலி, முழங்கால் தண்ணீர் இவற்றைத் தவிர வேறு எதுவும் கிடையாது. ஒவ்வொரு மின்னலுக்கும் நின்று, கண்ணை மூடி, குனிந்து, இடி விழுந்து முடிந்ததும் மறுபடி ஓடினேன். நடுவில் "துபாய், துபாய்" என்று கத்திக்கொண்டே போனேன்.

டீக்கடையில் மழைக்கு ஒதுங்கி ஒரு பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய் மூச்சு வாங்க நின்றேன்.

"துபாயப் பாத்தீங்களா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கைலி, நனைந்த பனியன், செருப்பில்லாத கால்.

"இல்ல தம்பி. நான் மஸ்கட்டுல இருந்தேன்."

நாயைக் கேட்கிறேன், பட்டுச்சட்டை போட்ட நாய் என்று விளக்கினேன். அதைச் சொன்னதும் அவர் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார். டீக்கடைக்காரர்தான் கையை நீட்டி, சட்டையும் அதுவுமாக ஒன்று மெயின் ரோட்டுப் பக்கம் பறந்தது என்றும், தன் கண்ணைத் தானே நம்பாமல் இருந்ததாகவும் சொன்னார்.

மெயின் ரோட்டில் ஏறினேன். மழையில் எதிரே ஒன்றும் தெரியவில்லை. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஒரு லாரி தண்ணீரை வாரி இறைத்துவிட்டுப் போனது. அது போன பிறகு, ரோட்டின் நடுவே கறுப்பாக ஒரு குவியல் கிடந்தது.

நான் நின்றுவிட்டேன். மின்னல் வெட்டியது. கறுப்பு, பளபளவென்று ஈரம், அசைவு இல்லை. இடி விழுந்தது. அந்த இடிக்கு நான் குனியவில்லை, கண்ணை மூடவில்லை. என் வாழ்க்கையில் நான் கேட்காமல் விட்ட ஒரே இடி அதுதான். மாமாவிடம் என்ன சொல்லப் போகிறேன் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. கிட்டே போக எவ்வளவு நேரம் பிடித்தது என்று தெரியவில்லை. போய்க் குனிந்து தொட்டேன்.

தார்ப்பாய். ஏதோ லாரியிலிருந்து கழன்று விழுந்த தார்ப்பாய்த் துண்டு.

அதை ரோட்டோரம் இழுத்துப் போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தேன். அழுதேனா என்று கேட்டால், மழை பெய்துகொண்டிருந்தது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

பஸ் ஸ்டாப்பில் அறந்தாங்கி போகிற டவுன் பஸ் நின்றுகொண்டிருந்தது. மழை கொஞ்சம் விடட்டும் என்று டிரைவர் நிறுத்தி வைத்திருந்தார். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் முன் பக்கமாக ஒருவர் மேல் ஒருவர் நெருக்கி நின்றார்கள். பின்பாதி காலி. பார்த்ததுமே எனக்குப் பொறி தட்டியது. படியில் ஏறினேன். கண்டக்டர் என் கோலத்தைப் பார்த்தார். பின் சீட்டைக் காட்டி, அங்கே அடியில் ஒரு நாய் மாப்பிள்ளை வேஷத்தில் கிடக்கிறது, கிட்டே போனால் உறுமுகிறது, உங்களுடையதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். நான் பின் சீட்டைப் பார்த்து நடந்தேன்.

கடைசி நீளச் சீட்டுக்கு அடியில், மூலையோடு மூலையாக ஒட்டிக்கொண்டு துபாய் கிடந்தது. பட்டுச்சட்டை முழுக்கச் சேறு. உடம்பு உதறிக்கொண்டிருந்தது. நான் தரையில் குப்புறப் படுத்து மெதுவாகப் பெயரைச் சொன்னேன். உறுமல் நின்றது. கையை நீட்டினேன். வெளியே வர மறுத்தது. இழுக்கக் கூடாது என்று மாமா சொல்லியிருக்கிறார். என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பஸ்ஸின் எல்லாக் கண்ணாடியும் ஒரே நேரத்தில் வெள்ளையானது.

இடி விழுந்து அடங்கியபோது நானும் சீட்டுக்கு அடியில் இருந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. அந்த இடைவெளியில் என் அளவுக்கு ஒரு ஆள் நுழைய முடியாது என்று பின்னால் அளந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். துபாயை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு, முகத்தை அதன் ஈரக் கழுத்தில் புதைத்துக்கொண்டு கிடந்தேன்.

மேலே சீட்டில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். மீன் வாடை அடித்தது. காலியான அலுமினியக் கூடை ஒன்று என் முகத்துக்கு நேரே வந்து அமர்ந்தது. அதற்கு மேலே ஒரு பெண்ணின் முகம் தலைகீழாகத் தெரிந்தது. மீன் விற்றுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்.

"தம்பி, பயம் நாய்க்கா, ஒங்களுக்கா?"

அந்தக் கேள்வியை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. பொய் சொல்ல எனக்குத் தெம்பும் இல்லை.

"ரெண்டு பேருக்கும்ங்க."

அவர் சிரிக்கவில்லை. தனக்கும் மின்னல் என்றால் ஆகாது என்றும், முன்னால் நெரிசலில் மூச்சு முட்டியதால்தான் பின்னால் வந்ததாகவும் சொன்னார். முந்தானையை இழுத்துக் காதோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு, சீட்டின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே போய்விடுங்கள் என்று கண்டக்டர் எங்களைப் பார்த்துச் சொன்னபோது, இடி விழுகிற நேரத்தில் எங்கே போவார்கள் என்று அந்த அம்மாதான் கேட்டார். கண்டக்டர் குனிந்து எனக்கு ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். மழை லேசாகக் குறைந்ததும் விசில் ஊதினார். பஸ் கிளம்பிவிட்டது.

அறந்தாங்கி போகிறவரை நாங்கள் மூன்று பேரும் அப்படியேதான் போனோம். ஒவ்வொரு இடிக்கும் மேலே அந்த அம்மா முருகனைக் கூப்பிடுவார், கீழே நான் துபாயை இறுக்குவேன், துபாய் என் தாடையில் மூக்கை முட்டும். பாதி வழியில் ஒன்றைக் கவனித்தேன். துபாயின் நடுக்கம் குறைந்திருந்தது. பயப்படாத ஆள்தான் வேண்டும் என்று மாமா சொன்னாரே, இங்கே பயப்படாதவர் யாருமே இல்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒருவேளை இறுக்கமாகக் கட்டிக்கொண்டது உதவியிருக்கலாம். அப்படி ஒரு பிடி அதற்கு முன் யாரும் அதைப் பிடித்திருக்க வாய்ப்பில்லை.

அறந்தாங்கி ஸ்டாண்டில் மீன்கார அம்மா இறங்கிப் போனார். இறங்கும்போது, அடுத்த தடவை அந்த நாய்க்குப் பட்டு வேண்டாம், பருத்தி போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பஸ் இதே வழியில் திரும்ப மாமா ஊருக்குப் போகும் என்று கண்டக்டர் சொன்னதால் நான் இறங்கவில்லை. இறங்கி நிற்க வானமும் விடவில்லை. சீட்டுக்கு அடியிலிருந்து படியை மட்டும்தான் பார்க்க முடிந்தது. கால்கள் ஏறிக்கொண்டிருந்தன. அவற்றில் மூன்று ஜோடிக் கால்கள் எனக்குத் தெரிந்தவை. ஒன்று பட்டுவேட்டிக்குக் கீழே. இரண்டு பட்டுப்புடவைக்குக் கீழே. அதில் ஒன்றில் நான் போட்டுவிட்ட மெட்டி.

என் இதயம் நின்றது. இடியில்லாமல் அது நின்றது அன்றைக்கு அதுதான் முதல் தடவை. அவர்கள் ராத்திரிதான் திரும்பி வருவதாக இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டினேன். எங்கள் ஊர் வந்ததும் எல்லோரும் இறங்கட்டும், நாம் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி ஓடிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மேலே சுகன்யாவின் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுதுகொண்டிருந்தாள். அத்தை ஏதோ சாமிக்கு வேண்டிக்கொண்டிருந்தார். மாமா மட்டும் கரகரத்த குரலில், "ஒண்ணும் ஆயிருக்காது தாயி" என்றார்.

மாமாவின் குரல் கேட்டதுதான் தாமதம், துபாயின் வால் பஸ்ஸின் தகரத் தரையில் டம் டம் என்று அடிக்க ஆரம்பித்தது. நான் வாலைப் பிடித்தேன். உடம்போடு சேர்ந்து ஆடியது. பட்டுவேட்டி மடங்கியது. மாமாவின் முகம் கீழே வந்தது. முதலில் துபாயைப் பார்த்தார். அது போட்டிருந்த சட்டையைப் பார்த்தார். அதைக் கட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் கண் நிறைந்து தளும்பியது. ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"மாப்ள, சீட்டு மேலயும் காலியாத்தான் இருக்கு."

நான் வெளியே வந்ததும் சுகன்யா பஸ் என்றும் பார்க்காமல் என் தோளில் இரண்டு அடி போட்டாள். பிறகு அதே தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீடு போய்ச் சேர்வதற்குள் அத்தை கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பேராவூரணியிலும் வானம் இருட்டியதும் மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுகன்யா எனக்கு மறுபடி மறுபடி போன் அடித்திருக்கிறாள். எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு ரேவதி அக்காவைப் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். ரேவதி அக்கா வந்து பார்த்தால், கொல்லையில் தென்னைமரம் உச்சியில் இடி விழுந்து எரிந்துகொண்டிருக்கிறது, வீடு திறந்து கிடக்கிறது, நெல் மூட்டை மேல் என் போன் தானாக அடித்துக்கொண்டிருக்கிறது. அவர் பதறிப்போய் போனில் சொன்ன செய்தி இதுதான்: மாப்பிள்ளையைக் காணோம், துபாயையும் காணோம். பந்தியில் உட்கார்ந்திருந்த மூவரும் இலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடிவந்திருக்கிறார்கள்.

அந்தத் தென்னைமரத்தைப் போய்ப் பார்த்தேன். நான் சாய்ந்திருந்த நெல் மூட்டைக்கும் அதற்கும் நடுவே ஒரு சுவர்தான் இருந்தது. அதற்குப் பிறகு என்னை யாரும் கேலி செய்யவில்லை. ஒரு வாரத்துக்கு.

அன்றைக்கு ராத்திரியே மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். (முதலில் ஓடியது யார் என்பதைத் தவிர.) அந்தக் கோடையில் அடுத்த மேகம் திரண்டபோது உள்ளறையிலிருந்து அவர் குரல் வந்தது, "ரெண்டு பேரும் உள்ள வாங்க." போனோம். நடுவில் அவர் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் துபாய், அந்தப் பக்கம் நான். ஒரு கை அதன் முதுகில். இன்னொரு கையை எங்கே வைப்பது என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, என் தோளில் வைத்தார். இப்போதெல்லாம் மேகம் திரண்டால் அத்தை வாசலில் நின்று எங்களை எண்ணித்தான் உள்ளே அனுப்புகிறார்.

ஆனால் தீராமல் போனது வேறு ஒன்று. பேராவூரணி மண்டபத்தில் அன்று நாதஸ்வரமும் ஜெனரேட்டரும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. போனில் வந்த செய்தி பந்தியில் ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் போவதற்குள், மாப்பிள்ளை யாரிடமும் சொல்லாமல் துபாய் போய்விட்டார் என்று ஆகிவிட்டது. புதுப் பெண்டாட்டியை விட்டுவிட்டு ஓடிவிட்டான் என்று சிலர் சாபம் விட்டார்களாம். விசா யார் எடுத்துக் கொடுத்தது என்று சிலர் விசாரித்தார்களாம். மாமாவும் அத்தையும் எத்தனையோ பேரிடம் விளக்கிப் பார்த்துவிட்டார்கள். சொந்தத்தில் பாதிப் பேர் இன்னும் நம்பவில்லை.

போன ஆவணியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். மாமாவின் பெரியப்பா மகன், நல்ல மனுஷர், என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார்.

"அப்புறம் மாப்ள, துபாயெல்லாம் எப்படி இருக்கு?"

விளக்கிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. நல்லா இருக்குங்க, இடி இடித்தால்தான் கொஞ்சம் கஷ்டம் என்றேன்.

அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அங்கிட்டும் இடி இடிக்குதா?" என்று கேட்டார்.